இணையமும் கல்லூரி மாணவரும்



கல்லூரியிற் பயிலும் மாணவர் ஒருவர் ஒரு நாளில் இணையத்தை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார் என்று கணக்கெடுத்தால் மூன்று காரியங்கள் முன்னே நிற்கும். எழுதுவது ஒன்று, பாட்டுக் கேட்பது மற்றொன்று, பாடத்திற்கு வேண்டிய செய்தியைத் தேடுவது இன்னொன்று. இவற்றைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது, நேரம் வீணாகிறது என்ற குறையைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். நேரம் வீணாவது உண்மையே. அதை நாம் மறுக்க வரவில்லை. ஆனால், மாணவராகிய நாம் பட்டறிந்த குறை வேறு. இணையத்தில் நாம் வைத்த பொருள் யாருடைய வீட்டில் இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால் நேர்ந்த ஓர் இழப்பையும் சேர்த்தே இவ்வுரையில் கூற இருக்கிறோம்.

முதலில் எழுத்தைக் காண்போம். ஆங்கிலத்தில் 'வெப்லாக்' என்ற சொல்லை 1997ஆம் ஆண்டு யோர்ன் பார்கர் என்பவர் வழங்கினார். இரண்டாண்டுகளில் அது 'பிளாக்' எனச் சுருங்கிற்று. தமிழில் அதற்கு வலைப்பூ, வலைப்பதிவு என இரு பெயர்கள் நிலைத்தன. அதன் அமைப்பு மிக எளிது. நாட்குறிப்பைப் போல் தேதியிட்டு எழுதவேண்டும். கடைசியாக எழுதியது மேலே நிற்கும். படித்தவர் கருத்தை அடியில் எழுதலாம். அவ்வளவுதான். அதற்கு முன்னர் இணையத்தில் ஒரு பக்கம் வைக்க விரும்பியவர், பக்கம் அமைக்கும் குறிமொழியைக் கற்று, இடத்தையும் வாடகைக்கு எடுக்கவேண்டியிருந்தது. 1999இல் 'பிளாகர்' என்ற சேவை வந்தபின், கடிதம் எழுதத் தெரிந்த எவரும் பக்கம் வெளியிடலாம் என்றாயிற்று.

தமிழருக்கோ இன்னொரு தடையும் இருந்தது. அது எழுத்துருத் தடை. கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். அந்நாளில் ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் ஒவ்வோர் எண் வரிசையை வைத்துக்கொண்டனர். ஒருவர் எழுதிய தமிழ், அதே எழுத்துரு இல்லாத மற்றவர் கணினியிற் புள்ளியும் கோடுமாகக் கொட்டிக் கிடக்கும். இத்தடையை நீக்க உழைத்தவர்களுள் நம் வட்டாரத்தவர் முன்னணியில் நின்றனர் என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் அவருடைய நண்பர்களும் 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது, தமிழ்க் கவிதைகளும் அங்கே தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. இன்று உலகமெங்கும் ஒருங்குறி என்ற பொது வரிசை வழங்குகிறது. அதில் நம் அகரத்திற்கு உரிய எண் 2949. கோலாலம்பூரில் தட்டினாலும் டொராண்டோவில் தட்டினாலும் அந்த எண் மாறுவதில்லை.

ஒருங்குறி பரவிய காலமும் தமிழ் வலைப்பூக்கள் மலர்ந்த காலமும் ஒன்றே. 2003 முதல் அவை பெருகின. எங்கெங்கோ எழுதப்படும் பதிவுகளை ஓரிடத்திற் காட்டும் 'தமிழ்மணம்' என்ற திரட்டி 2004இல் வந்தது. அலுவலகம் முடிந்து வந்தவர், குழந்தையை உறங்கவைத்த தாய், தேர்வுக்குப் படிக்கவேண்டிய மாணவர் எனப் பலரும் எழுதினர். அவர்களுக்கு ஆசிரியர் இல்லை, பக்க அளவு இல்லை, திருப்பி அனுப்புவாரும் இல்லை. சந்திப் பிழைகள் மலிந்திருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், அச்சிதழ் எதுவும் ஏற்றிருக்க முடியாத அளவிற்குத் தங்கள் ஊரையும் உணவையும் தொழிலையும் பற்றி அவர்கள் எழுதிவைத்தனர்.

இதைக் காணும்போது நமக்கு 1950களின் 'தமிழ் முரசு' நினைவுக்கு வருகிறது. அதன் மாணவர் மணிமன்றத்தில் எழுதப் பழகி, பின்னாளில் எழுத்தாளராக உயர்ந்தவர் பலர். அங்கே ஆசிரியர் இருந்தார்; நல்லதைத் தேர்ந்தார்; பிழையைத் திருத்தினார். வலைப்பூவில் அந்தத் திருத்தும் கை இல்லை. ஆனால், நாம் சொல்ல வருவது அதுவன்று. அந்நாளைய தமிழ் முரசின் பழைய தாள்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் எழுதியதை இன்று நாம் தேடிப் படிக்கலாம். 2006இல் எங்கள் கல்லூரி மாணவர்கள் எழுதியதைத்தான் படிக்க முடியவில்லை!

எங்கள் தமிழ்க் கழகத்தார் அவ்வாண்டில் ஒரு வலைப்பூவைத் தொடங்கினர். இலவசமாக இடம் தந்த ஒரு நிறுவனத்தில் அதை வைத்திருந்தனர். ஆறாண்டுகள் தொடர்ந்து எழுதினர். கவிதைகள் நிறைய, அவற்றிற் பெரும்பாலானவை காதற் கவிதைகள். அவற்றிற்காக நாம் வருந்தவில்லை. ஆனால், அக்கா ஒருவர் தம் தாத்தாவைக் கேட்டு எழுதிய பேட்டி ஒன்றும் அதில் இருந்தது. அந்தத் தாத்தா, 1943ஆம் ஆண்டு பதினேழு வயதில், ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். அந்தப் பாதையில் மாண்ட மலாயாத் தமிழர் எண்ணற்றோர். மீண்டு வந்தவருள் தம் கதையை எழுதிவைத்தவர் மிகச் சிலர். பேட்டி கொடுத்த ஈராண்டில் தாத்தாவும் காலமானார். பின்னர் அந்த நிறுவனம் சேவையை நிறுத்திக்கொண்டது. முன்னறிவிப்பு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஆனால், அது படித்து முடித்துச் சென்றுவிட்ட மாணவர் ஒருவரின் பழைய முகவரிக்கு வந்திருக்கிறது. எவரும் பார்க்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழர் பலரும் தங்கள் முதல் இணையப் பக்கத்தை வைத்திருந்த 'ஜியோசிட்டீஸ்' 2009 அக்டோபரில் மூடப்பட்டது. பிடித்த வலைப்பூக்களைத் தொடர்ந்து படிக்க உதவிய 'கூகிள் ரீடர்' 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இடம் இலவசம் என்றால், எழுந்து போகச் சொல்லும் உரிமையும் வீட்டுக்காரரிடமே இருக்கிறது.

இனி இசைக்கு வருவோம். பாட்டு எவ்வாறு கம்பி வழியே வருகிறது என்று முதலில் விளங்கிக்கொள்வோம். இசைவட்டில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிகிறார்கள். இவ்வகையில் ஒரு நிமிட இசைக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 50 ஆயிற்று. பழைய தொலைபேசி இணைப்பில் அதைப் பெறுவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். வீட்டில் வேறு எவரும் தொலைபேசியைத் தொடவும் முடியாது! ஜெர்மானிய ஆய்வாளர்கள் வேறு வழி கண்டனர். பேரோசை ஒலிக்கும்போது, அதனருகே ஒலிக்கும் சிற்றோசை நம் செவிக்குப் புலப்படுவதில்லை. கோயில் மேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்குமா? கேட்காத ஒலியை எதற்காகப் பதியவேண்டும்? அதை நீக்கிவிட்டால் பாட்டு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அதுவே 'எம்பி3'. இரண்டு மணி நேர வேலை பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது.

சுருங்கிய பாட்டு சுற்றத் தொடங்கியது. 1999இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஷான் ஃபானிங் 'நாப்ஸ்டர்' என்ற மென்பொருளை வெளியிட்டார். ஒருவர் கணினியில் உள்ள பாட்டை மற்றவர் நேரே எடுத்துக்கொள்ள அது வழிசெய்தது. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒரு காசும் போகவில்லை. வழக்குத் தொடுக்கப்பட்டு 2001 ஜூலையில் அது நின்றது. 2003இல் 'ஐடியூன்ஸ்' கடை ஒரு பாட்டை 99 அமெரிக்கக் காசுக்கு விற்றது. பின்னர், வாங்காமலேயே கேட்கும் ஓடை முறை வந்தது. 'ஸ்பாட்டிஃபை' 2013இல் மலேசியாவிற்கும் சிங்கப்பூருக்கும் வந்துசேர்ந்தது.

ஓடை முறையை நாம் குறைகூற விரும்பவில்லை. மாதம் சில வெள்ளியில் அரியக்குடியின் கச்சேரியும் கேட்கலாம், இவ்வாண்டுத் திரைப்பாட்டும் கேட்கலாம். உள்ளூர் இசைக்கலைஞர்கள் வானொலியின் வாயிலுக்குக் காத்திராமல் தங்கள் பாட்டை வெளியிடவும் முடிகிறது. ஒரு குறை மட்டும் நம்மை உறுத்துகிறது. பழைய திரைப்பாட்டைத் தேடினால் பாடகர் பெயர் வருகிறது. பாட்டை எழுதியவர் பெயர் பலவேளைகளில் வருவதில்லை. இசைத்தட்டின் உறையிலும் ஒலிநாடா அட்டையிலும் அச்சிட்டிருந்த பெயர், வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

மேலும், ஓடையில் நாம் கேட்கும் பாட்டு நம்முடையதன்று. சந்தா நின்றால், கைப்பேசியில் இறக்கிவைத்ததும் திறக்காது. உரிமை ஒப்பந்தம் முடிந்தால், நேற்று இருந்த பாட்டு இன்று பட்டியலில் இராது. சரி, பாடியவர் தாமே ஏற்றிவைத்த பாட்டாவது நிலைக்குமா? இளங்கலைஞர்கள் தங்கள் பாட்டுகளைக் குவித்துவைத்திருந்த 'மைஸ்பேஸ்' என்ற தளம், 2016க்கு முன் ஏற்றப்பட்ட பாட்டுகளை இடமாற்ற வேலையில் இழந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிப் பாட்டுகள் இருக்கலாம் என்று அப்பொழுது செய்தித்தாள்கள் எழுதின. அவற்றுள் ஏறக்குறைய 490,000 பாட்டுகள் மட்டும் மீண்டன. எவ்வாறு மீண்டன தெரியுமா? பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சிலர் ஓர் ஆய்விற்காக அவற்றைப் படியெடுத்து வைத்திருந்தனர்.

மூன்றாவதாக, பயன்தரும் தளங்கள். பட்டியல் வாசித்தால் நேயர்களுக்கு உறக்கம் வரும். ஆகவே, நாம் நாள்தோறும் நாடுகின்ற சிலவற்றை மட்டும் குறிப்பிடுவோம். 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்', சங்க நூல்கள் முதல் அண்மைக்கால நூல்கள் வரை தன்னார்வலர் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் நூலகம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் நடக்கிறது. அதைப் படித்துவிட்டு, அடியில் உள்ள மேற்கோள்களைத் தேடிச் செல்வதே மாணவர்க்கு அழகு. கேள்வி கேட்டால் விடையைத் தானே எழுதித் தரும் பொறிகளும் இந்நாளில் வந்துவிட்டன. அவை இல்லாத நூலை இருப்பதாகச் சொல்வதும் உண்டு. அந்த நூலைக் கேட்டு நூலகரிடம் போய் நின்றவர் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார். பெயர் சொல்லமாட்டோம்.

நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது 'இணைய ஆவணகம்' பற்றி. புரூஸ்டர் கேல் என்பவர் 1996இல் அமெரிக்காவில் இதை நிறுவினார். அதன் பொறிகள் இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்கு இணைப்பைப் பிடித்துக்கொண்டே நடந்து, வழியிற் கண்ட பக்கங்களைத் தேதியிட்டுப் படியெடுக்கின்றன. 2001 முதல் அந்தப் படிகளைப் பொதுமக்களும் பார்க்கலாம். மறைந்துபோன பக்கத்தின் முகவரி தெரிந்தால், அதை அங்கே இட்டு, எந்தெந்த நாளில் படியெடுக்கப்பட்டது என்று காணலாம். ஆனால், பொறி எல்லாப் பக்கத்தையும் எட்டுவதில்லை. எவரும் இணைப்புக் கொடுக்காத பக்கமும், கடவுச்சொல் கேட்கும் பக்கமும் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். முகநூல் குழுக்களுக்குள் இன்று எழுதப்படுபவை பலவும் அவ்வாறு விடுபடுபவையே. நாமே சென்று, இந்தப் பக்கத்தைப் படியெடு என்று கேட்கவும் அங்கே வசதி உண்டு. அதற்குச் செலவில்லை, அரை நிமிடம் ஆகும்.

எங்கள் கழகத்தின் பழைய முகவரியை அங்கே இட்டுப் பார்த்தோம். நான்கு நாட்களின் படிகள் கிடைத்தன. நான்கும் முகப்புப் பக்கங்கள். அவற்றுள் ஒன்றில் தாத்தாவின் பேட்டி தலைப்போடும் முதல் எட்டு வரிகளோடும் இருந்தது. அதன் கீழே 'தொடர்ச்சி' என்ற சொல். அதை அழுத்தினால் வெறும் பக்கம்.

அக்காவைத் தேடிப் பிடித்தோம். அவர் இப்பொழுது ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. தம் பழைய கணினி எப்பொழுதோ பழுதாகிவிட்டது என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராய், அந்தப் பேட்டியை அந்நாளில் இடுபணியாக விரிவுரையாளரிடம் அச்சிட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். துறை அலுவலகத்தின் பழைய கோப்புகளில் அது கிடைத்தது. ஐந்து தாள்கள் இருக்கவேண்டும், நான்கு இருந்தன. நான்காம் தாளின் கடைசி வரி, மழைக்காலத்தில் முகாமிலிருந்து ஆற்றங்கரைக்கு ஆட்களைத் தூக்கிச் சென்ற இடத்தில், பாதி வாக்கியத்தில் நிற்கிறது.

அந்த வாக்கியத்தை முடித்துத் தருமாறு அக்காவைக் கேட்டோம். அவர் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, தாத்தா என்ன சொன்னார் என்பது எனக்கு ஓரளவு நினைவிருக்கிறது. அதை வேறு தாளில் என் பெயரில் எழுதித் தருகிறேன். அவர் பேச்சோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள்," என்றார்.

அவ்வாறே நான்கு தாள்களையும் ஒருங்குறியில் தட்டச்சு செய்து முடித்துவிட்டோம். வாக்கியம் நின்ற இடத்தில் அப்படியே நிற்கிறது. அக்காவின் தாள் தனியாக இருக்கிறது. இரண்டையும் கழகத்தின் புதிய பக்கத்தில் ஏற்றி, ஆவணகத்திலும் படியெடுக்கச் செய்து, அச்சுப் படி ஒன்றைக் கல்லூரி நூலகத்திற் கொடுத்திருக்கிறோம்.