படகுத்துறையும் காஸ்வேயும்: கைத்தொலைபேசியில் ஓடும் படங்கள்



ஸ்கூடாயில் என் நண்பரின் மகன், தீபாவளிக்காக ஒரு சிறு செயலி செய்தான். கைத்தொலைபேசியின் கேமராவை முகத்துக்கு நேரே பிடித்தால், திரையில் தெரியும் உருவத்தின் கழுத்தில் ஒரு பூமாலை விழும்; அசைந்தால் மாலையும் அசையும். பாட்டிக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் ஐந்து நிமிடத்தில் கருவி கையில் பிடிக்க முடியாதபடி சுட்டது. படமும் பின்தங்கியது, பாட்டி தலையைத் திருப்பி முடித்த பிறகே திரையில் தலை திரும்பியது. "பழைய போன், வேறு வாங்க வேண்டும்" என்றார் நண்பர். குற்றம் போனில் இல்லை.

ஜொகூர் பாருவில் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை உங்களில் பலர் தரிசித்திருப்பீர்கள். சுவரும் தூணும் சாதாரணக் கட்டுமானந்தான். மேலே பதித்த வண்ணக் கண்ணாடித் துண்டுகளே அந்த ஜொலிப்பைத் தருகின்றன. போனுக்குள் இருக்கும் வரைகலைச் செயலியும் இப்படித்தான் படம் வரைகிறது. முதலில் முக்கோணங்களால் ஆன வெறும் உருவம். அதன்மேல் புள்ளி புள்ளியாகப் பதிக்கப்படும் படம். இந்தப் படத்திற்கு 'டெக்ஸ்சர்' என்று பெயர். கோயிலில் ஒருமுறை பதித்தால் போதும். கேமராப் படமோ வினாடிக்கு 30 முறை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் அத்தனை துண்டுகளும் புதியவை!

எத்தனை துண்டுகள்? 1920க்கு 1080 என்ற அளவுள்ள ஒரு படத்தில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால், ஒரு படத்துக்கு ஏறத்தாழ 83 இலட்சம் பைட். ஒரு வினாடிக்கு 25 கோடி. அதை ஓர் இடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் எழுதினால், படிப்பதும் எழுதுவதுமாக 50 கோடி. சூடு பிறப்பது இங்கேதான்.

பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. காஸ்வே வருவதற்கு முன், தீபகற்பத்திலிருந்து இரயிலில் ஜொகூர் பாருவுக்கு வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிப் படகில் நீரிணையைக் கடந்து, உட்லண்ட்ஸில் மறுபடி வேறு இரயில் ஏறினார்கள். 1923இல் காஸ்வேயின் மீது இரயில் ஓடத் தொடங்கியது. 1924 ஜூன் 28இல் முறைப்படி திறப்புவிழாவும் நடந்தது. பிறகு பயணி இருக்கையை விட்டு எழ வேண்டியிருக்கவில்லை.

நம் பையன் செய்தது படகுப் பயணம். கேமரா தந்த படத்தை நிரல் வழியே ஒருமுறை பிரதி எடுத்து, நிறத்தை மாற்றி, மறுபடி பிரதி எடுத்து வரைகலைச் செயலியிடம் தந்தான். போனிலோ பொதுச் செயலிக்கும் வரைகலைச் செயலிக்கும் நினைவகம் ஒன்றே! கேமரா எழுதிய இடத்திலேயே வரைகலைச் செயலி படித்துக்கொள்ளலாம். 2011இல் ஆண்ட்ராய்டு 3.0 'சர்ஃபேஸ் டெக்ஸ்சர்' என்ற வசதியைக் கொடுத்தது. அதே ஆண்டு ஆப்பிளின் ஐஓஎஸ் 5ம் இதே நோக்கில் ஒரு வழியைத் திறந்தது. காஸ்வே உவமை இங்கே சற்று நொண்டும். படம் நகர்வதே இல்லை. "இன்ன இடத்தில் இருக்கிறது" என்ற சீட்டு மட்டும் கைமாறுகிறது.

நிறத்தையும் அவன் மாற்றியிருக்க வேண்டாம். கேமரா ஒளியை ஒரு தட்டிலும் நிறத்தைச் சுருக்கி வேறு தட்டிலும் வைக்கிறது. வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பு கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் தெரிந்ததற்குக் காரணமான அதே தந்திரம். இப்படி வைத்தால் புள்ளிக்கு ஒன்றரை பைட் போதும். வரையும்போதே வரைகலைச் செயலி இரண்டையும் கலந்து நிறமாக்கிவிடும்.

பையன் திருத்தினான். சூடு தணிந்தது, ஆனால் சில படங்கள் ஓடியதும் திரை அப்படியே உறைந்துபோனது. கேமராவிடம் இருப்பவை மூன்று நான்கு தட்டுகளே. படித்து முடித்த தட்டைத் திருப்பித் தராவிட்டால், அடுத்த படத்தை வைக்க அதற்கு இடமேது? வரைந்து முடியுமுன் அவசரப்பட்டுத் தந்தாலும் வம்பு. பாதி பழைய படம், பாதி புதிய படம் என்று கிழிந்து தெரியும். வரைகலைச் செயலி "முடித்துவிட்டேன்" என்று சைகை காட்டிய பிறகு தட்டைத் திருப்பும்படி அவன் மாற்றினான். பாட்டியின் கழுத்தில் மாலை மீண்டும் ஆடியது, அதே பழைய போனில்.