அமெரிக்க மூத்தோர் காப்பீடு: ஜிம் சலுகை பறிபோவது ஏன்?
அமெரிக்காவில் 65 வயது நிறைந்தோருக்கான அரசின் மெடிகேர் காப்பீட்டில் உடற்பயிற்சிக் கூடக் கட்டணம் அடங்காது. 'மெடிகேர் அட்வான்டேஜ்' திட்டங்களை நடத்தும் தனியார் நிறுவனங்களே 'சில்வர்ஸ்னீக்கர்ஸ்' போன்ற இலவச ஜிம் சலுகைகளைக் கூடுதலாக அளிக்கின்றன. இது சட்டப்படியான உரிமையன்று. செலவைக் குறைக்கவோ, வேறு ஜிம் திட்டத்துக்கு மாறவோ எண்ணும் நிறுவனம் அடுத்த ஆண்டுக்கான திட்டத்தில் இதை நீக்கிவிடலாம்.

செப்டம்பர் இறுதிக்குள் வரும் மாற்ற அறிவிப்பில் இவ்விவரம் இருக்கும். விளம்பரக் கடிதங்களோடு ஒதுக்கிவிடக் கூடாத கடிதம் அது. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை வேறு திட்டத்துக்கு மாறலாம். தவறவிட்ட அட்வான்டேஜ் உறுப்பினர்களுக்கு ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால், ஜிம்முக்காகத் திட்டத்தை மாற்றினால், பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மருத்துவர் புதிய திட்டத்தின் பட்டியலில் இல்லாமல் போகக்கூடும்.