ஒற்றைத் தலையிடியும் உப்புப் பம்பிகளும்



தலையின் ஒரு பாதியைப் பிளப்பது போன்ற நோவு, குமட்டல், ஒளியையும் ஓசையையும் பொறுக்கமாட்டாமை. இவை ஒற்றைத் தலையிடியின் குறிகளாகும். சிலருக்கு நோவு தோன்றுமுன் கண்ணெதிரே வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் மின்னி மறையும். வைத்தியர் பரிசோதித்தால் பெரும்பாலும் குறையெதுவும் புலப்படாது. ஆதலின், நோயாளர் நோவோடு 'பாசாங்கு செய்கின்றார்' என்ற பழியையும் சுமக்கின்றனர். இப்பழி தகுமா என்பதை ஆராய்வோம்.

நம் உடலின் கலங்களுக்குள்ளே பொற்றாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. இவ்வேறுபாடு இன்றேல் நரம்பில் செய்தி ஓடாது. ஆயினும் சோடியம் ஓயாது உள்ளே கசிந்துகொண்டே இருக்கின்றது. ஓட்டைத் தோணியிலிருந்து நீரிறைப்பவனைப் போல, கலத்தின் மென்சவ்விலுள்ள ஒரு புரதம் அதனை வெளியேற்றுகின்றது. ஒவ்வொரு முறையும் 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி, 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கும் இதுவே சோடியம் பம்பி. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ என்பார் நண்டின் நரம்புகளை ஆராய்ந்து 1957இல் இதனைக் கண்டறிந்தார். 1997இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். நமது வேலிகளில் நிற்கும் மஞ்சள் அலரியின் நஞ்சு இதயத்தை நிலைகுலையச் செய்வது, இப்பம்பியைத் தடுப்பதனாலேயே என்றால் இதன் இன்றியமையாமை விளங்குமன்றோ?

மூளையைச் சூழ்ந்து தெளிந்த நீரொன்று உண்டு. குருதிக்கும் அந்நீருக்கும் இடையே உள்ள எல்லையில் இப்பம்பிகள் அமர்ந்து சோடியத்தை நீர்ப்பக்கம் செலுத்துகின்றன. சோடியத்தைத் தொடர்ந்து தண்ணீரும் செல்லும். இவ்வாறு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீற்றர் நீர் ஊறுகின்றது. கண்ணின் முற்பகுதியை நிரப்பும் தெளிநீரும் இத்தகைய பம்பிகளின் உதவியாலேயே சுரக்கின்றது. எனவே, மூளையையும் கண்ணையும் சூழ்ந்த உப்பின் அளவைப் பேணுவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

இனி, நோய்க்கு வருவோம். பிரேசில் நாட்டவரான லெயாவ் 1944இல் முயலின் மூளையில் ஒரு விந்தையைக் கண்டார். நரம்புகளின் தொழில் அடங்கிப்போகும் ஓர் அலை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வேகத்தில் ஊர்ந்து பரவிற்று. அலை செல்லுமிடத்தே கலங்களிலிருந்து பொற்றாசியம் வெளியே பெருகும். அதனை மீட்டெடுப்பதில் பம்பிக்கு முதன்மையான பங்குண்டு. கண்ணெதிரே தோன்றும் ஒளிக்கோடுகளுக்கு இவ்வலையே காரணமென இன்று கருதப்படுகின்றது. உடலின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் சோர்ந்துபோகும் பரம்பரை ஒற்றைத் தலையிடியின் ஒரு வகையில், இப்பம்பிக்குரிய பரம்பரையலகு ஒன்று பழுதுற்றிருப்பது 2003இல் வெளியாயிற்று. நோவுக் காலத்தில் மூளைநீரில் சோடியம் சற்று உயர்வதாக 2006இல் அமெரிக்க ஆய்வாளர் அறிவித்தனர். அவ்வுயர்வு நோவின் காரணமா, விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை.

இதைக் கேட்டுக் கறியில் உப்பைக் குறைத்தால் நோய் தீருமென எவரும் எண்ணிவிடலாகாது. குருதியின் உப்பளவைச் சிறுநீரகங்கள் ஒரு வரம்புக்குள் காத்துவருகின்றன. நாம் பேசியதோ எல்லைக் காவலரின் செயலைப் பற்றியது.

பெற்றோரே, ஆசிரியரே! வகுப்பில் தலையைக் கவிழ்த்து, இருட்டறையை நாடும் பிள்ளை பாடத்துக்கு அஞ்சி ஒளிவதாக உடனே முடிவு கட்டாதீர்கள். அமைதியான இடமும், தக்க வைத்தியமும் அப்பிள்ளைக்கு வேண்டும். முன்னொருபோதும் இல்லாத கடுந்தலையிடி திடீரெனத் தாக்கினாலோ, கை கால் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத நோவும் நோவே.