ரிங்டோன் கேட்கவில்லையா? சத்தத்தைக் கூட்டும் முன் காதைக் கவனியுங்கள்

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் தினமும் நடக்கும் பேச்சு இது. தளவானூரில் மல்லாட்டைக் கொல்லையில் வேலையாக இருக்கும் அப்பாவுக்குச் சென்னையிலிருந்து மகன் போன் போடுகிறான். மூன்று முறை அடித்து ஓய்ந்து, நான்காவது முறைதான் எடுக்கிறார். “எத்தனை வாட்டிப்பா அடிக்கிறது?” என்று மகன் சலித்துக்கொள்கிறான். “ரிங்கே வரலப்பா, இந்த போன்ல சத்தம் கம்மி” என்கிறார் அப்பா. பொங்கலுக்கு ஊருக்கு வந்ததும் மகன் போனை வாங்கிப் பார்க்கிறான். ஒலி அளவு ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது. செஞ்சி கடைவீதியில் கொடுத்து ஸ்பீக்கரை மாற்றுகிறார்கள். ஒரு வாரம் போனதும் பழையபடி அதே புகார்.

போனைப் பழுதுபார்க்க இவ்வளவு அலைகிறோம். அதன் மணியைக் கேட்க வேண்டிய காதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ரிங்டோன் அடிக்கடி காதில் விழாமல் போவது செவித்திறன் குறைவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த அறிகுறியைத்தான் மூடி மறைக்கிறோம்.

முதலில் மறைவது கீச்சொலி

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்ணிய முடிச் செல்கள் அதற்குள் வரிசையாக நிற்கின்றன. வாசலருகே நிற்பவை உயர்ந்த சுருதியையும், உள்ளே ஆழத்தில் நிற்பவை தாழ்ந்த சுருதியையும் பிடிக்கின்றன. வயதானாலும் சரி, பல ஆண்டு இரைச்சலில் வேலை பார்த்தாலும் சரி, முதலில் தேய்வது வாசலருகே இருப்பவைதான். தேய்ந்த செல்கள் மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை.

அதனால்தான் வயதானவர்கள் “பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியல” என்கிறார்கள். உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் வந்து சேர்ந்துவிடுகின்றன. ச, ஸ, த போன்ற மெல்லிய ஒலிகள் வழியிலேயே நின்றுவிடுகின்றன. வீட்டில் உள்ளவர்கள் இதைக் கவனக்குறைவு என்றும், வேண்டுமென்றே காது கேட்காத மாதிரி இருக்கிறார் என்றும் நினைத்துக் கோபித்துக்கொள்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமில்லாதது.

இப்போது போனுக்கு வருவோம். விரல்நகம் அளவுள்ள அதன் ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியைச் சரியாக எழுப்ப முடியாது. கம்பெனி வைத்து அனுப்பும் ரிங்டோன்களில் பலவும் கிணுகிணு என்று உயர்ந்த சுருதியில் இருப்பவை. இருபது வயதுக்காரருக்கு அது தெருமுனை வரை கேட்கும். அறுபதைத் தாண்டியவருக்கோ, எந்தச் சுருதியைக் காது இழந்திருக்கிறதோ அதே சுருதியில் போன் அலறிக்கொண்டிருக்கும். அளவை ஏற்ற ஏற்றப் பக்கத்தில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கேட்க வேண்டியவருக்கு மட்டும் கேட்காது.

இங்கே மாற்ற வேண்டியது சுருதி. தவில், மிருதங்கம் அளவுக்குத் தாழ வேண்டாம், அதைச் சின்ன ஸ்பீக்கர் தாங்காது. ஆண்குரலில் தொடங்கும் பாட்டு, நடுத்தர சுருதியில் ஒலிக்கும் பழைய கால டெலிபோன் மணி போன்றவை நல்லது. நீண்ட முன்னிசையோடு மெல்லத் தொடங்கும் பாட்டு வேண்டாம். காதுக்கு எட்டுவதற்குள் அழைப்பு நின்றுவிடும். சில போன்களில் மணி மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக உயரும்படி ஒரு வசதி இருக்கும். பெரியவர்களின் போனில் அதை நிறுத்திவிடுங்கள். பேத்தியின் குரலைப் பதிவு செய்து தாத்தாவுக்கு ரிங்டோனாக வைப்பவர்கள் உண்டு. அன்பான எண்ணம்தான். ஆனால் குழந்தைக் குரல் உயர்ந்த சுருதி. காது குறைந்தவருக்குப் பிடிபடுவது கடினம்.

எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். பெரியவரைத் திண்ணையில் உட்கார வைத்து, அவர் பார்வையில் படாமல் பத்தடி தள்ளி நின்று, நாலைந்து ரிங்டோன்களை நடுத்தர அளவில் ஒவ்வொன்றாக ஒலிக்கவிடுங்கள். எதற்குச் சட்டென்று தலையைத் திருப்புகிறாரோ அதை வையுங்கள்.

பக்கவாட்டுப் பொத்தான் செய்யும் குழப்பம்

ஸ்மார்ட்போனில் ஒலி அளவு ஒன்றல்ல. பாட்டு, வீடியோவுக்கு ஒன்று, அழைப்பு மணிக்கு ஒன்று, பேசும்போது கேட்கும் குரலுக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று. பல ஆண்ட்ராய்டு போன்களில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் முதலில் மாறுவது வீடியோவின் அளவு. “ஃபுல்லா வச்சுட்டேன்” என்று பெரியவர் சொல்வது உண்மைதான், ஆனால் அவர் கூட்டியது யூடியூபின் சத்தத்தை. செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போய் ரிங்டோனுக்கான கோட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஐபோனிலும் பொத்தான் மணியின் அளவை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி அமைப்பு உண்டு.

அதோடு போனையே ஒருமுறை உற்றுப் பாருங்கள். மழைக்கும் தூசிக்கும் பயந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருப்பார்கள். கீழ்விளிம்பில் உள்ள ஸ்பீக்கர் துளைகளில் உமித்தூளும் மண்ணும் அடைத்திருக்கும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஊசியால் குத்தினால் உள்ளிருக்கும் சவ்வு கிழியும். போன் லுங்கிக்குள் பட்டாப்பட்டி டிராயர் பையிலோ, இடுப்புச் சுருக்குப் பையிலோ, இரண்டு மடிப்புத் துணிக்கு அடியில் கிடந்தால் அதன் சத்தத்தில் பெரும்பகுதி துணியிலேயே அடங்கிவிடும்.

கல் மண்டபமும் திறந்த வெளியும்

தளவானூர் பஞ்சபாண்டவர் மலையில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் குடைவித்த சத்ருமல்லேஸ்வராலயம் இருக்கிறது. அது போன்ற கல் மண்டபத்துக்குள் ஒரு போன் அடித்தால் பாறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும். நடுத்தர அளவே காதை நிறைக்கும். அதே போனை வெளியே வயல் வரப்பில் வைத்தால் கதை வேறு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. ஒரு மீட்டரில் 80 டெசிபெல் இருந்தது 16 மீட்டரில் 56 ஆகிவிடும். நடுவில் டிராக்டர் ஓடினால் ஒன்றும் கேட்காது.

ஆகவே வயல்வெளிக்கு ரிங்டோனை நம்புவதில் பயனில்லை. வைப்ரேஷனைப் போட்டுச் சட்டைப்பையில் வைக்கலாம். அழைப்பு வந்தால் மணிக்கட்டில் அதிரும் ஸ்மார்ட் வாட்ச் இன்னும் நல்லது. கேமரா விளக்கு மின்னி அழைப்பைத் தெரிவிக்கும் வசதி ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இருக்கிறது. வீட்டுக்குள் அது பெரிய உதவி. காது கேளாதவர்களுக்காக வந்த அமைப்பு என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

கூரை வீடுகள் போய்க் கான்கிரீட் வீடுகள் வந்தபின் நம் அறைகளும் கிட்டத்தட்ட கல் மண்டபங்களாகிவிட்டன. வயலுக்காக உச்சத்தில் வைத்த அளவோடு போனை வீட்டுக்குள் கொண்டுவந்தால் தொட்டிலில் தூங்கும் குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழும்.

காதைத் தேய்ப்பது எது?

ரிங்டோன் மட்டுமே யாருடைய காதையும் கெடுத்துவிடாது, அது சில விநாடிகளில் ஓய்ந்துவிடும். காதைக் கெடுப்பது நாள் முழுக்கத் தொடரும் இரைச்சல். கூண்டில்லாத டிராக்டரை ஓட்டுபவரின் காதில் 90 டெசிபெலுக்கு மேல் விழுவது சாதாரணம். நெல் அறுவடை இயந்திரம், கதிரடிக்கும் இயந்திரம், விழுப்புரம் மாவட்டத்தின் கல் குவாரிகளும் ஜல்லி அரைக்கும் கிரஷர்களும் அதற்குக் குறைந்தவை அல்ல. தொழிற்சாலைகளில் 90 டெசிபெலில் 8 மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வயலில் அந்தக் கணக்கைப் பார்க்க ஆளில்லை. டிராக்டர்காரர்களுக்குக் காதடைப்பான் கொடுப்பதைப் பற்றி நம் வேளாண் கூட்டங்களில் ஏன் பேசுவதில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. நுரையால் செய்த சின்ன அடைப்பான், விலையும் குறைவு.

கேட்பதற்கும் ஓர் அளவு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெலில் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 90-இல் வாரத்துக்கு 4 மணி நேரம். 100-இல் அரை மணி நேரம்கூட இல்லை. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் செஞ்சியிலிருந்து சென்னைக்குப் போகும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்பதற்காகப் பாட்டை ஏற்றி வைக்கிறார்கள்; இறங்கிய பின்னும் அதே அளவில் கேட்கிறார்கள்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்குப் போய், ஒலிபெருக்கிக்கும் பம்பைக்கும் அருகே விடிய விடிய நின்றவர்களுக்கு மறுநாள் காதில் ஒரு ரீங்காரம் இருக்கும். எல்லாரும் மெதுவாகப் பேசுவதுபோல் தோன்றும். போன் சத்தம் குறைந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் பலர் அளவை ஏற்றுகிறார்கள். குறைந்தது காதின் திறன்; செல்கள் களைத்துப்போயிருக்கின்றன. ஓரிரு நாள் அமைதியில் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் அடிக்கடி இப்படிக் களைத்தால் ஒருநாள் மீளாமலே போகும். திருவிழாவுக்குப் போங்கள், அம்மனைக் கும்பிடுங்கள். ஒலிபெருக்கியின் வாய்க்கு நேரே மட்டும் நிற்காதீர்கள்.

காதோரம் அலறிய போன்கள்

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகள் வந்தபோது, சில மாடல்களில் மணி ஒலிக்கும் பொறியைக் காதில் வைக்கும் பகுதிக்குள்ளேயே பொருத்தியிருந்தார்கள். பேசுவதற்கான பொத்தானை நகர்த்த மறந்து, போனைக் காதில் வைத்தவர்களுக்கு அடுத்த மணி 140 டெசிபெல் அளவில் நேரே செவிக்குள் அடித்தது. சிலருக்கு நிரந்தரமாகக் காது பாதிக்கப்பட்டது. பிறகு அமைப்பை மாற்றினார்கள். இன்றைய போன்களில் அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் ஸ்பீக்கர் இருக்கும் விளிம்பைக் காதில் வைத்து “ரிங்டோன் வேலை செய்யுதா” என்று சோதிப்பதும், தலையணைக்கு அடியில் உச்ச அளவில் வைத்துத் தூங்குவதும் வேண்டாம். இயர்போன் மாட்டியிருக்கும்போது வரும் மணி காதுக்குள்ளேயே ஒலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரவு மணி

தூக்கத்தில் திடீரென்று மணி அலறினால் இதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆரோக்கியமானவர்களுக்குச் சில நிமிடங்களில் அடங்கும். ஆனால் நீண்ட க்யூடி என்று பிறவியிலேயே வரும் ஓர் இதயக் கோளாறு உண்டு, அரிதானது. அதன் இரண்டாம் வகை உள்ளவர்களுக்குத் திடீர் தொலைபேசி மணியோ அலாரமோ இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி மயக்கத்திலும் உயிராபத்திலும் கொண்டுபோய் விடக்கூடும். அவர்களின் படுக்கையறையில் இவற்றை வைக்க வேண்டாம் என்று இதய மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். சத்தம் கேட்டு மயங்கி விழுந்தவரோ, சிறுவயதில் காரணம் தெரியாமல் இறந்தவரோ குடும்பத்தில் இருந்தால் மற்றவர்களும் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம்.

நள்ளிரவில் அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பலரும் அளவைக் குறைப்பதில்லை. ‘டூ நாட் டிஸ்டர்ப்’ அமைப்பில் மகன், மகள் எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைக்கலாம். ஒரே எண்ணிலிருந்து சிறிது நேரத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி ஒலிக்கவும் செய்யலாம்.

எப்போது மருத்துவரிடம் போவது?

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. ஒரு காது திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ கேட்காமல் போனால் அது அவசர நிலை. சளி அடைப்பு என்று எண்ணி எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மெல்ல மெல்லக் குறைந்தால் முதலில் காதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் குறும்பி அடைப்பாக இருந்தால் சில நிமிட வேலைதான். ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு எதையும் நீங்களே விடாதீர்கள். குறும்பி இன்னும் உள்ளே போகும், செவிப்பறையும் கிழியும். அடைப்பு இல்லையென்றால் ஆடியோமெட்ரி என்ற வலியில்லாத சோதனை செய்வார்கள். எந்தச் சுருதியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று படமாகவே தெரிந்துவிடும். செஞ்சிப் பகுதியினருக்கு முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி போட்டுக்கொண்டவர்களும் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இவை காதைப் பாதிக்கலாம்.

“வயசாயிடுச்சு, இனிமே கேட்டு என்ன ஆவப் போவுது” என்று பெரியவர்கள் தட்டிக் கழிப்பார்கள். விட்டுவிடாதீர்கள். நடுவயதில் தொடங்கிக் கவனிக்காமல் விடும் செவித்திறன் குறைவு, பிற்காலத்தில் மறதி நோய்க்கு வழிவகுக்கும், தடுக்கக்கூடிய காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024 அறிக்கையிலும் உறுதிப்படுத்தியிருக்கிறது. உலகில் 150 கோடிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஓர் அளவு காது குறைந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

மருத்துவர் காது கேட்கும் கருவி எழுதிக் கொடுத்து, வாங்க வசதி இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மாட்டிய முதல் நாட்களில் பாத்திரம் உருளும் ஓசைகூட இடி மாதிரி தெரியும்; “இது வேணாம், தலை வலிக்குது” என்று கழற்றி மாடத்தில் வைத்துவிடுவார்கள். நெடுநாள் கேட்காத ஒலிகளை மூளை மறுபடி பழகிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரம் அமைதியான அறையில் ஓரிரு மணி நேரம் மட்டும் மாட்டச் சொல்லி, பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். உறுத்தினால் அளவைத் திருத்தி வாங்கி வாருங்கள். கருவி பழகியதும் போனை எடுத்து ரிங்டோன் அளவைப் பாதிக்குக் குறைத்துவிடுங்கள்.