ஒரே ஒரு செ.மீ. போதும்... நீளம் தாண்டுதலின் முதல் பாடம் தெரியுமா?

2023 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தார். அதே ஆண்டு ஜூனில் கேரளத்தின் முரளி ஸ்ரீசங்கர் தாண்டியது 8.41. வித்தியாசம் ஒரே ஒரு செ.மீ.!

அதனால்தான் கால் ஊன்றும் பலகை முக்கியம். அதன் அகலம் 20 செ.மீ. தூரத்தை அளப்பது மணல் பக்க விளிம்பிலிருந்து. 10 செ.மீ. பின்னாடி மிதிச்சா அந்த 10 செ.மீ.யும் போச்சு. விளிம்பைத் தாண்டி மிதிச்சா பவுல்.

சரி, எப்படிப் பழகுவது? பொங்கலூரில் ஒரு பள்ளி மைதானமும் டேப்பும் போதும். பலகையிலிருந்து எதிர்த்திசையில் ஸ்டெப்பை எண்ணிக்கொண்டே வேகமாக ஓடுங்க. 12வது ஸ்டெப் விழும் இடத்தில் அடையாளம் வையுங்க. பலமுறை ஓடிப் பார்த்து, தூரத்தை அளந்து குறிச்சுக்கோங்க. இனி ஓட்டம் அங்கிருந்துதான்.

கடைசியில் பலகையைக் குனிஞ்சு பார்க்காதீங்க. வேகம் குறைஞ்சிடும்!