கண்ணாடியைக் கழற்றச் சொல்வது ஏன்?

ஓசூரில் பாகலூர் சாலையிலோ தளி சாலையிலோ ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், அமெரிக்க விசாவுக்குப் போட்டோ வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டூலில் உட்காரும் முன்பே, "கண்ணாடியைக் கழட்டிடுங்க சார்" என்பார் போட்டோக்காரர். பள்ளிப் பருவத்திலிருந்து மூக்குக்கண்ணாடியோடு வாழ்பவருக்கு இது சங்கடம்தான். ஓட்டுநர் உரிமத்தில் கண்ணாடியோடு இருக்கிறார்; கம்பெனி அடையாள அட்டையிலும் அப்படியே. ஆதார் ஆணையமோ, வழக்கமாகக் கண்ணாடி அணிகிறவரைக் கண்ணாடியோடு படமெடுப்பதே நல்லது என்று தன் வழிகாட்டுதலில் சொன்னது. கருவிழியைப் பதியும்போது மட்டும் கழற்றினால் போதும். அப்படியிருக்க, விசாவுக்கு மட்டும் ஏன் கூடாது?

இந்தக் கேள்வி இந்த எல்லைப் பகுதியில் அதிகம் எழுவதற்குக் காரணம் உண்டு. டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் என்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் ஊர் ஓசூர். பயிற்சிக்காகவும் இயந்திரம் பார்த்து வாங்குவதற்காகவும் வெளிநாடு போகும் பொறியாளர்கள், தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் கணினி ஊழியர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க விமானம் ஏறும் பெற்றோர் என்று பாஸ்போர்ட் இல்லாத வீடு குறைந்துவருகிறது. 2018 முதல் எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும் நாட்டின் எந்த பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம் என்பதால், 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்கே போய் வேலையை முடிப்பவர்களும் உண்டு. பாஸ்போர்ட் சேவா திட்டம் 2010-ல் சோதனை முறையில் தொடங்கிய ஊர்களில் பெங்களூரும் ஒன்று. அந்த மையங்களில் கவுன்டரிலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் போட்டோ கொண்டுபோக வேண்டும். ஆகவே ஸ்டுடியோவில் நடக்கும் வாக்குவாதம் பெரும்பாலும் விசாவுக்கானது.

முன்பெல்லாம் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் பிரித்து, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பார். மனிதக் கண்ணுக்குக் கண்ணாடி ஒரு தடையே இல்லை. சொல்லப்போனால் அதுவே ஓர் அடையாளம். 2002-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, உலக நாடுகளின் பாஸ்போர்ட்டுகளுக்குப் பொதுவான உடல் அடையாளமாக முகத்தைத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு பாஸ்போர்ட்டுக்குள் சிப் வந்தது. சிப்புக்குள் உங்கள் முகப்படம் போய் உட்கார்ந்தது. இந்தியாவில் 2024-ல் சோதனையாக வந்த இ-பாஸ்போர்ட்டை, 2025 மார்ச் முதல் சென்னை மண்டல அலுவலகமும் வழங்குகிறது. அட்டையின் முன்பக்கத்தில் பொன்னிறத்தில் ஒரு சிறு குறி தெரிந்தால், உள்ளே சிப் இருக்கிறது என்று பொருள். இனி அந்தப் படத்தை முதலில் பார்க்கப்போவது இயந்திரம்.

முகம் அறியும் மென்பொருள் முதலில் தேடுவது கண்களைத்தான். நிலம் அளக்க வந்தவர் எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்து அங்கிருந்து சங்கிலி போடுவதுபோல, அது இரண்டு கண்களின் மையங்களையும் குறித்துக்கொள்கிறது. தலை சாய்ந்திருந்தால் அவ்விரு புள்ளிகளும் ஒரே மட்டத்துக்கு வருமாறு படத்தைத் திருப்பும். அவற்றின் இடைவெளியைக் கொண்டு முகத்தை ஒரே அளவுக்குப் பெருக்கும் அல்லது சுருக்கும். இதன் பிறகுதான் முகத்தின் அமைப்பை ஓர் எண் வரிசையாக மாற்றி, எதிரே நிற்பவரின் முகத்திலிருந்து கிடைத்த எண் வரிசையோடு ஒப்பிடும். இதனால்தான் பாஸ்போர்ட் படத்துக்கான சர்வதேசத் தரம், இரு கண்களின் மையங்களுக்கு இடையே குறைந்தது 90 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. கண் இருக்கும் இடத்தைக் கணிப்பதில் பிசகினால், அடுத்து வரும் எல்லாக் கணக்கும் பிசகும்.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸின் ஒவ்வொரு பரப்பும், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்தால் 8 சதவீதம். பவர் அதிகமுள்ளவர்கள், தடிமன் குறையட்டும் என்று வாங்கும் 1.67 வகை லென்ஸில் பூச்சு இல்லாவிட்டால் ஒரு பரப்புக்கே 6 சதவீதத்தைத் தாண்டும். கேட்பதற்கு இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் முகத்தோல் விளக்கொளியை வாங்கி எல்லாத் திசையிலும் சிதறவிடுகிறது. லென்ஸோ விளக்கின் பிம்பத்தையே அப்படியே கேமரா பக்கம் திருப்பிவிடுகிறது. அதனால் அந்த 8 சதவீதமே கருவிழியை மறைக்கும் வெள்ளைப் பொட்டாகிவிடும். எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு, இதை ஒரு சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது. அப்போதும் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு திட்டு மிச்சம் இருக்கும்.

கல்யாணப் போட்டோக்காரர்களுக்கு இதற்கு ஒரு வித்தை தெரியும். கண்ணாடியின் காதுப்பக்கக் கம்பியைச் சற்றே தூக்கிவைத்தால் லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும். விளக்கின் பிம்பம் கேமராவுக்கு வராமல் தரைப்பக்கம் போய்விடும். ஆல்பத்துக்கு அருமையான உத்திதான். விசா படத்துக்கு உதவாது, ஏனென்றால் சாய்ந்த ஃபிரேம் கண்ணுக்குக் குறுக்கே வந்துவிடுகிறது.

எதிரொளிப்பே இல்லாமல் எடுத்துவிட்டால்? லென்ஸ் தன் வேலையைச் செய்யாமல் விடாது. கிட்டப்பார்வைக்கான மைனஸ் லென்ஸ், பின்னால் இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டும். மைனஸ் 6 பவர் என்றால் கண் ஏறத்தாழ 8 சதவீதம் சிறுத்துத் தெரியும். கன்னப்பொறியின் விளிம்பும் லென்ஸ் வழியே பார்க்கும்போது உள்ளே தள்ளித் தெரியும். முகக்கோடு ஃபிரேமுக்கு மேலும் கீழும் ஓரிடத்திலும், லென்ஸுக்குள் வேறோரிடத்திலும் இருக்கும். தூரப்பார்வைக்கான பிளஸ் லென்ஸ் இதற்கு நேர்மாறாகக் கண்ணைப் பெரிதாக்கும். வெள்ளெழுத்துக்காகப் போடும் பைஃபோகல் லென்ஸின் கோடு கண்ணுக்குக் கீழே குறுக்கே ஓடும். வெயில் பட்டால் கறுக்கும் லென்ஸைப் போட்டுக்கொண்டு சிப்காட்டிலிருந்து பைக்கில் வந்தால், அது தெளிய சில நிமிடங்களாவது ஆகும். இன்றைய தடித்த கறுப்பு ஃபிரேமோ புருவத்தையே விழுங்கிவிடுகிறது. புருவமும் முகத்தை அறிய உதவும் முக்கியமான உறுப்பு.

இங்கே ஒருவர் நியாயமாகக் கேட்கலாம்: "எங்கள் கம்பெனி வாசலில் முகத்தைக் காட்டித்தான் பஞ்ச் அடிக்கிறோம். கண்ணாடியோடு போனாலும் கதவு திறக்கிறதே?" உண்மைதான். இன்றைய மென்பொருள்கள் கண்ணாடியையும் தாண்டி ஆளை அடையாளம் காணும் திறன் பெற்றவை. பெங்களூரு விமான நிலையத்தில் 2022 டிசம்பரில் வந்த டிஜியாத்ரா வாசலிலும் கண்ணாடி அணிந்தவர்கள் போகிறார்கள். ஆனால் கம்பெனி வாசலில் இயந்திரத்துக்குத் தெரிந்த முகங்கள் சில நூறோ சில ஆயிரமோதான். தவறினால் காவலாளி உங்களைப் பெயர் சொல்லி உள்ளே விடுவார். படத்தை மறுநாளே மாற்றிப் பதிந்துகொள்ளலாம். பெரியவர்களின் இந்திய பாஸ்போர்ட் செல்லுபடியாவது 10 ஆண்டுகள். அத்தனை காலமும் அந்த ஒரே படம்தான், பல நாடுகளின் பலவகை இயந்திரங்களுக்கு முன்னால் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். பத்தாண்டுகளில் ஃபிரேம் மாறும், பவர் மாறும். கண்குழியும் கண்களின் இடைவெளியும் மாறா. மாறாததை மட்டும் பதிந்துவைப்பதே பயணிக்குப் பாதுகாப்பு. இயந்திரம் தவறினால் தனியாக நிறுத்தி விசாரிக்கப்படுவதும், இணைப்பு விமானத்தைத் தவறவிடுவதும் அவர்தானே.

அமெரிக்கா 2016 நவம்பர் 1 முதல் பாஸ்போர்ட், விசா இரண்டின் படங்களிலும் கண்ணாடியை முற்றிலும் விலக்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்போர்ட் விண்ணப்பங்கள் படம் சரியில்லாமல் தாமதமாயின என்றும், அதில் கண்ணாடி முக்கியக் காரணம் என்றும் அந்நாட்டு வெளியுறவுத் துறை சொன்னது. ஆஸ்திரேலியா 2018-ல் தன் பாஸ்போர்ட் படங்களுக்கு இதே விதியைக் கொண்டுவந்தது. பிரிட்டன், தவிர்க்க முடியாவிட்டால் அணியலாம், கண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது. வெளிநாட்டு இந்தியத் தூதரகங்களில் பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கும் படங்களும் 2025 செப்டம்பர் முதல் சர்வதேசத் தரத்துக்கு இணங்க வேண்டும்; எதிரொளிப்பைத் தவிர்க்கக் கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறார்கள். நாட்டுக்கு நாடு இந்த வேறுபாடு தேவையற்ற குழப்பம் என்பது என் கருத்து. எல்லா நாடுகளும் கழற்று என்று ஒரே குரலில் சொல்லிவிட்டால் மக்களுக்கு எளிது.

கண் அறுவை சிகிச்சை முடிந்து, கண்ணைக் காக்கக் கண்ணாடி கட்டாயம் என்ற நிலையில் இருப்பவருக்கு அமெரிக்கா விலக்கு தருகிறது. மருத்துவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். நிறமில்லாத கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் சிக்கல் இல்லை. கண்ணின் நிறத்தை மாற்றிக் காட்டும் லென்ஸைத் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்டுடியோக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். "கழட்டுங்க" என்று சொல்வதோடு நிறுத்தாமல், காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். பவர் அதிகமுள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் கேமரா எங்கே இருக்கிறது என்பதே மங்கலாகத்தான் தெரியும். பார்க்க முயன்று கண்ணைச் சுருக்குவார், அப்படி எடுத்த படமும் செல்லாது. "என் குரல் வரும் பக்கம் பாருங்கள், ஒருமுறை கண்ணை மூடித் திறங்கள்" என்று சொல்லி எடுத்தால் இயல்பாக வரும். மூக்கில் பதிந்த தழும்பு மறைய, படமெடுப்பதற்குச் சற்று முன்பாகவே கழற்றிவைக்கச் சொல்லலாம். கண்ணாடியோடு எடுத்த படத்திலிருந்து அதைக் கணினியில் அழித்துக் கொடுக்க வேண்டவே வேண்டாம். அழித்த இடத்தில் மென்பொருள் வரைவது அவருடைய கண் அல்ல. திருத்திய படத்தை அமெரிக்கா ஏற்பதும் இல்லை.

கண்ணாடியோடு எடுத்த படமுள்ள பழைய விசா கையில் இருக்கிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். 2016-க்கு முந்தைய படமுள்ள அமெரிக்க விசாக்கள், அவற்றில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதிவரை செல்லும்; அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது கழற்றினால் போதும்.