இரண்டு பூஜ்யங்கள்

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில், நியூபவுண்ட்லாந்துக்குக் கிழக்கே, வடக்கு 48ஆவது அட்சரேகையைத் தாண்டித் தெற்கே மிதந்து வந்த பனிப்பாறைகள் எத்தனை என்று 1900ஆம் வருஷம் முதல் ஆண்டுவாரியாக ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரட்டுகிறவருக்கு முதலில் உண்டாவது பிரமிப்பே. டைட்டானிக் மூழ்கிய 1912இல் ஆயிரத்துக்கு மேல், 1966இல் ஒன்றுகூட இல்லை, 1984இல் 2,202, 2006இல் மறுபடியும் பூஜ்யம், 2021இல் ஒன்றே ஒன்று. கிரீன்லாந்தின் மேற்குக் கரைப் பனியாறுகளில் உடைந்து விழுந்து, லாப்ரடார் நீரோட்டத்தின் முதுகேறி, ஓரிரண்டு வருஷம் பிரயாணம் செய்து வரும் இந்தப் பாறைகளின் தொகை, காற்றையும் கடற்பனியையும் பொறுத்து ஏறியும் இறங்கியும் வருவது இயற்கைதான்.

ஆனால் எண்ணியவர் யார் என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஆரம்ப வருஷங்களில் அந்த வழியாகச் சென்ற வர்த்தகக் கப்பல்களின் மாலுமிகள் தற்செயலாகக் கண்டு எழுதியதே கணக்கு. டைட்டானிக் விபத்துக்குப் பிறகு காவற்கப்பல்கள் தேடிச் சென்று எண்ணின. 1946 முதல் விமானங்கள் எண்ணின. 1983இலோ, அப்பிரதேசத்தின் பிரசித்தி பெற்ற மூடுபனியையும் ஊடுருவிப் பார்க்கும் ராடார் விமானத்தில் ஏறிற்று. அதற்கு மறு வருஷமே 2,202 என்றால், அந்தப் பெருந்தொகையில் கடல் அனுப்பியது எவ்வளவு, கருவி கண்டுபிடித்தது எவ்வளவு என்று சந்தேகப்படுவது குற்றமாகாது.

தென் சமுத்திரத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1772இல் தென் துருவத்தை நாடிப் புறப்பட்ட ரெசல்யூஷன், அட்வென்ச்சர் என்ற கப்பல்களின் மாலுமிகள், மிதந்து வந்த பனித் துண்டுகளைக் கப்பலில் ஏற்றி உருக்கிக் குடித்தார்கள். கண்டதை நாள்தோறும் எழுதியும் வைத்தார்கள். 1851இல் ஆஸ்திரேலியாவில் தங்கம் அகப்பட்டதும், சீக்கிரம் போய்ச் சேரும் ஆவலில் பாய்மரக் கப்பல்கள் தெற்கே வெகுதூரம் இறங்கி ஓடின. பனிப்பாறைச் செய்திகளும் அவற்றோடு பெருகின. 1859இல் அவற்றைத் தொகுத்து அச்சிடவும் செய்தார்கள். பிறகு 1869இல் சூயஸ் கால்வாயும் 1914இல் பனாமா கால்வாயும் திறந்தன. நீராவிக் கப்பல்கள் பாய்மரங்களை விரட்டின. தென் சமுத்திரத்தில் பார்க்கும் கண்களே அருகிப்போயின. அக்காலத்துக் குறிப்புகள் குறைந்திருப்பதைக் கண்டு பனியே குறைந்ததென்று ஒருவர் முடிவு கட்டினால், அவருக்கு என்ன பதில் சொல்வது?

இப்போது வானத்திலிருந்து செயற்கைக்கோள்கள் இரவும் பகலும் பார்க்கின்றன, பழைய ஏடுகள் எதற்கு என்பாரும் உண்டு. அதிலும் சிறிது நியாயம் இருக்கலாம். ஆயினும் என் கவலை தீரவில்லை. பழைய நாட்குறிப்புகளைத் தொகுக்கிறவர்கள் தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, எண்ணிக்கை என்ற நான்கை மட்டும் உருவிக்கொண்டு, அன்று மூடுபனி இருந்ததா, நிலவு இருந்ததா, எத்தனை மணி நேரம் பாராக்காரன் மேலே நின்றான் என்பதையெல்லாம் சக்கையென்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1956இல் தென் சமுத்திரத்தில் 335 கிலோமீட்டர் நீளமும் 97 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு பாறை கண்டதாகக் குறிப்பு உண்டு. 2000இல் செயற்கைக்கோள் கண்ட மாபெரும் பாறையோ சுமார் 11,000 சதுர கிலோமீட்டர், அதாவது முன்னதில் மூன்றில் ஒரு பங்கு. பழைய அளவு பிழையா, உண்மையா என்று விசாரிக்க, அளந்த விதத்தைச் சொல்லும் மூலக் குறிப்பைத் தவிர நமக்கு வேறு சாட்சி ஏது?

1966இன் பூஜ்யம் விமானங்கள் தேடிப் பார்த்து எழுதிய பூஜ்யம். கப்பலே செல்லாத கடலின் பூஜ்யம் யாரும் பாராததால் விழுந்தது. அட்டவணையில் இரண்டும் ஒரே வட்டமாகத்தான் நிற்கின்றன. ஆகையால், "இன்று முழுவதும் பார்த்தோம், பனி காணவில்லை" என்று ஒரு மாலுமி சலிப்போடு எழுதிப்போன வரியையும் தொகுப்பில் சேர்க்க வேண்டும்.